சுவர் தின்ற கட்டம்
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதை விளையாட்டில் பொம்மைகளை நகர்த்தும் வரைபடத்தில் ஒரு கட்டம் ஒரு அங்குலம், அதாவது 25.4 மி.மீ. மனித அளவு பொம்மையின் அடித்தட்டு 25 மி.மீ. அரை மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை! அப்படியிருக்க, தெர்மோகோலில் செய்த 12 மி.மீ. தடிமனுள்ள கல்சுவரைக் கட்டத்துக்கு உள்ளேயே ஒட்டி வைத்தால் பொம்மை எங்கே நிற்கும்? இரண்டு கட்ட அகல நடைபாதை, இருபக்கமும் சுவர்: மிஞ்சுவது 26.8 மி.மீ. இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்று வழி மறிக்க வேண்டிய இடத்தில் ஒருவர்தான் நிற்கிறார். சண்டையே மாறிப்போகிறது. சுவரைக் கட்டத்துக்கு வெளியே தள்ளி ஒட்டுங்கள், ஐயா.

உயரம் அடுத்த எரிச்சல். 50 மி.மீ. சுவர் புகைப்படத்துக்கு அழகு. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே எதுவும் தெரியாது. விரலை உள்ளே நுழைத்தால் பொம்மை சாயும். அரை அங்குலம் தாராளம்.

தெர்மோகோலில் நேராக ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பது அதைவிடக் கொடுமை. அதிலுள்ள கரைப்பான் நுரையைத் தின்றுவிடும். பொறுமையாகக் கீறிய செங்கல் வரியெல்லாம் குழி குழியாக உருகும். முதலில் கறுப்பு அக்ரிலிக் பெயிண்டில் ஃபெவிகால் கலந்து, பிரஷ்ஷால் இரண்டு பூச்சு. இடுக்கு, விளிம்பு, அடிப்பக்கம் எதையும் விடக் கூடாது.