பூட்டியிருப்பதாகச் சொன்ன கதவு திறந்தே கிடந்தது

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை இரவு, கடையை அடைத்துவிட்டு அன்றைய கணக்கை முடிக்க உட்கார்ந்த என் நண்பருக்கு பில்லிங் பக்கம் திறக்கவே இல்லை. அவருடைய பாத்திரக் கடையின் கணக்கு, நான் மாத வாடகைக்கு எடுத்து நானே பராமரித்துவரும் சிறிய சர்வர் ஒன்றில்தான் இருக்கிறது. உள்ளே நுழைந்து பார்த்தபோது சர்வரின் பிராசசரில் உள்ள இரண்டு கோர்களையும் ஓடிக்கொண்டிருந்த ஒரே நிரல் முழுதாக விழுங்கிக்கொண்டிருந்தது. அதன் பெயர் கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ. லினக்ஸின் மையமான கெர்னலின் சொந்த வேலையான கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்ற பெயரோடு கடைசியில் ஓர் எழுத்தை மட்டும் ஒட்டவைத்து, அவசரத்தில் பார்ப்பவர் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும் கிரிப்டோ நாணயம் தோண்டும் திருட்டு நிரல் அது. கொன்றால் சற்று நேரத்தில் மீண்டும் எழுந்து வந்தது. அதை இயக்கிய பயனர் எண் 999 என்று காட்டியது. அந்த எண், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை டாக்கர் என்ற கருவி தனியாக அடைத்து ஓட்டும் கண்டெய்னர் என்ற பெட்டிக்குள் இருக்கும் தரவுத்தளப் பயனருடையது.

முதலில் நான், வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைத்தான் பார்த்தேன். உபுண்டு லினக்ஸின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூ இயங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வரும் எல்லாவற்றையும் மறுப்பதே இயல்பு நிலை என்று எழுதியிருந்தது. 22, 80, 443 ஆகிய மூன்று போர்ட்டுகளுக்கு (இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசல்கள்) மட்டும் அனுமதி இருந்தது. தரவுத்தளத்தின் போர்ட்டான 5432-ஐ இன்னும் உறுதியாக மூட வேண்டும் என்று ஆறு மாதங்களுக்கு முன்பு நானே தனியாகச் சேர்த்த மறுப்பு விதியும், யாருக்கும் அனுமதியில்லை என்று சொல்லியபடி அந்தப் பட்டியலில் அப்படியே இருந்தது. பிறகு கைபேசியின் டேட்டாவில் மடிக்கணினியை இணைத்து, வெளியுலகத்திலிருந்து அதே 5432-ஐத் தட்டிப் பார்த்தேன். அரை வினாடிகூட ஆகவில்லை. தரவுத்தளம் என்னிடம் கடவுச்சொல் கேட்டது. அந்த ஒற்றை வரியைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. போஸ்ட்கிரெஸின் லாக்கை, அதாவது நடப்பதைப் பதியும் கோப்பைத் திறந்தால், எங்கெங்கோ இருக்கும் ஐபி முகவரிகளிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி மாற்றி முயன்ற வரிகள் பக்கம் பக்கமாக ஓடின. ஒருவருக்குக் கதவு திறந்துவிட்டது. முழு அதிகாரமுள்ள சூப்பர்யூசராக உள்ளே வந்தவர், 2013-இல் வெளியான 9.3 பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸில் இருந்துவரும் வசதி ஒன்றைப் பயன்படுத்தி, காப்பி கட்டளையின் வழியாகவே வெளி நிரலை இறக்கி ஓட்டியிருக்கிறார்.

இதைப் படிப்பவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும்: கடவுச்சொல் ஏன் எளிதாக இருந்தது? அது எளிதாக இருந்தது என் தவறு, மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கண்டெய்னரை எப்படி ஓட்ட வேண்டும் என்று டாக்கருக்குச் சொல்லும் கம்போஸ் கோப்பை நான் எடுத்த வழிகாட்டிக் குறிப்பில் கடவுச்சொல் அப்படித்தான் இருந்தது. அதற்கு மேலே 'ஃபயர்வாலை இயக்கிவிடுங்கள், பிறகு கவலையில்லை' என்றும் எழுதியிருந்தது. ஃபயர்வாலை இயக்கினேன். அது இயங்குவதாகவே ஆறு மாதமும் என்னிடம் சொன்னது. என் கோபம் முழுவதும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. ஒரு பாதுகாப்புக் கருவி வேலை செய்யாமல் போகலாம். எந்தக் கருவிக்கும் அது நேரும். நிலைமை என்ன என்று கேட்கும்போது, மூடியிருக்கிறது என்று அது தவறாகப் பதில் சொல்லக் கூடாது.

நடந்தது என்னவென்று புரிந்துகொள்ள எனக்கு அன்றைய இரவும் மறுநாள் பகலும் தேவைப்பட்டன. கம்போஸ் கோப்பில் போர்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் 5432:5432 என்று எழுதினால், சர்வரின் எல்லா முகவரிகளிலும் அந்தப் போர்ட்டைத் திறந்துவை என்றுதான் டாக்கர் அதைப் புரிந்துகொள்கிறது. முகவரி எதையும் சொல்லாவிட்டால் 0.0.0.0 என்பதே அதன் இயல்பு. வெளியிலிருந்து ஒரு பாக்கெட் (நெட்வொர்க்கில் தரவு பயணிக்கும் சிறு பொட்டலம்) வந்து சேர்ந்தவுடன், யுஎஃப்டபிள்யூவின் விதிகள் அதைப் பார்ப்பதற்கு முன்பே, லினக்ஸின் ஃபயர்வால் விதிகளைக் கையாளும் ஐபிடேபிள்ஸில், முகவரிகளை மாற்றும் நாட் அட்டவணையில் டாக்கர் எழுதிவைத்திருக்கும் விதி அதன் சேருமிடத்தை 172.18.0.2 போன்ற ஒரு கண்டெய்னர் முகவரியாக மாற்றிவிடுகிறது. சேருமிடம் மாறிவிட்டதால் அது சர்வருக்கே வந்த பாக்கெட்டாக இனிக் கருதப்படாது. சர்வர் வழியாக வேறொருவருக்குப் போகும் பாக்கெட்டாகி, சர்வருக்கே வருபவற்றைச் சோதிக்கும் இன்புட் செயின் என்ற விதி வரிசையைத் தொடாமல், கடந்துபோகிறவற்றுக்கான ஃபார்வர்ட் செயினுக்குள் போய்விடும். நான் சேர்த்த மறுப்பு விதியோ இன்புட் செயினில் காத்துக்கொண்டிருக்கிறது. வீட்டு வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டோம், ஆனால் வருகிறவரைத் தெருமுனையிலேயே ஒருவர் கைப்பிடித்துப் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போய்விடுகிறார். காவலாளியைக் கேட்டால், இந்த வாசலில் யாரும் நுழையவில்லை என்கிறார். அவர் சொல்வதும் உண்மைதான்.

யுஎஃப்டபிள்யூ 2008-இல் உபுண்டு 8.04-உடன் வந்தது. டாக்கர் 2013-இல் வெளியானது. பத்தாண்டுகளுக்கும் மேலாக இரண்டும் ஒரே இயந்திரத்தில், எண்ணற்ற கைகளுக்குள் சேர்ந்து வாழ்கின்றன. இரண்டும் ஃபயர்வால் விதிகளைக் கையாளும் முறை ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்று டாக்கரின் கையேடே எழுதிவைத்திருக்கிறது. எழுதிவைத்தால் போதுமா? கண்டெய்னரைத் தொடங்கும் அந்த நொடியில், இந்தப் போர்ட் உலகத்துக்கே திறக்கிறது என்று திரையில் ஒரு வரி எச்சரிக்கை காட்டுவதற்கு என்ன தடை? யுஎஃப்டபிள்யூவின் நிலைப் பட்டியலில், நாட் அட்டவணையில் வேறொரு நிரலின் விதிகள் இருக்கின்றன, அவற்றுக்கு நான் பொறுப்பில்லை என்று ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன தடை? இரண்டு பக்கமும் தன் எல்லைக்குள் சரியாகத்தான் இருக்கிறோம் என்று நிற்கின்றன. நடுவில் கிடப்பவர் சர்வர் வைத்திருக்கும் சாதாரண மனிதர்.

இந்தப் பாடத்தைத் தரவுத்தள உலகம் ஏற்கெனவே விலை கொடுத்துக் கற்றது. 2017 ஜனவரியில் இணையத்துக்குத் திறந்துகிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டு, தரவு திரும்ப வேண்டுமானால் பிட்காயின் அனுப்பு என்று குறிப்பு வைக்கப்பட்டது. அதே ஆண்டு வெளிவந்த 3.6 பதிப்பு, இயல்பு நிலையில், அதே இயந்திரத்துக்குள்ளிருந்து மட்டும் எட்டக்கூடிய 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டுமே இணைப்புகளுக்குக் காது கொடுக்கும்படி மாற்றப்பட்டது. ஆனால் அதையே கண்டெய்னராக ஓட்டும்போது உள்ளே எல்லா முகவரிகளிலும் காது கொடுத்தாக வேண்டியிருக்கிறது. அதன்மேல் நாம் ஒரு போர்ட் வரியை எழுதியவுடன் மூடிய கதவு பழையபடி தெருவைப் பார்த்துத் திறந்துகொள்கிறது. ரெடிஸ் என்ற தரவுத்தளத்திலும் இதே கதை. 2016-இல் வந்த 3.2 பதிப்பில் சேர்க்கப்பட்ட பாதுகாப்பு முறை, அதன் அதிகாரபூர்வ கண்டெய்னர் இமேஜில், மற்றக் கண்டெய்னர்கள் எளிதாகத் தொடர்புகொள்ள வேண்டும் என்ற காரணத்துக்காக அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது.

வெளியாருக்கு இவ்வளவு தாராளமாகத் திறந்த இந்த அமைப்பு, உள்ளே இருப்பவருக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் என்னை இன்னும் கொதிக்கவைக்கிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு போஸ்ட்கிரெஸைக் கண்டெய்னரிலிருந்து எடுத்து, நேரடியாகச் சர்வரிலேயே நிறுவினேன். பில்லிங் கண்டெய்னர் இப்போது சர்வரில் இருக்கும் 5432-ஐத் தொட வேண்டும். தொட முடியவில்லை. முதலில் இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே பதில் வந்தது, கண்டெய்னருக்குள் 127.0.0.1 என்றால் அது அந்தக் கண்டெய்னரையே குறிக்கும் என்பதால் அங்கே யாரும் காது கொடுக்கவில்லை. முகவரியை, கண்டெய்னர் நெட்வொர்க்கில் சர்வருக்கு உரிய 172.18.0.1 என்று மாற்றி, அந்த முகவரியிலும் காது கொடுக்கும்படி போஸ்ட்கிரெஸுக்குச் சொன்னேன். இப்போது மறுப்பு வரவில்லை. பதிலே வராமல் இரண்டு நிமிடங்களுக்கு மேல் காத்திருந்து நேரம் முடிந்துபோனது. உடனடி மறுப்பு என்றால் அங்கே ஆளில்லை, நீண்ட மௌனம் என்றால் வழியில் யாரோ பாக்கெட்டைப் பறித்துப் போடுகிறார்கள் என்று பொருள். யுஎஃப்டபிள்யூவின் லாக்கைத் திறந்தேன். பிஆர் என்று தொடங்கி பன்னிரண்டு எழுத்து எண்களோடு முடியும், கண்டெய்னர்களைச் சர்வரோடு இணைக்கும் பிரிட்ஜின் பெயருடன், தடுக்கப்பட்டது என்ற வரிகள் வரிசையாக நின்றன. சர்வரின் சொந்த முகவரிக்கு வரும் பாக்கெட் என்பதால் இது இன்புட் செயினுக்குள் வருகிறது. அங்கே நிற்கும் காவலாளி இப்போது தன் கடமையை அப்பழுக்கில்லாமல் செய்கிறார். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வந்த திருடனை உள்ளே விட்ட அதே அமைப்பு, ஒரே இயந்திரத்துக்குள் அடுத்த அறையிலிருந்து வந்த வீட்டுக்காரரைத் தடுத்து நிறுத்துகிறது.

என் பழைய மறுப்பு விதிக்கு மேலே, 172.18 என்று தொடங்கும் முகவரிகளுக்கெல்லாம் (172.18.0.0/16) அனுமதி என்று விதி எழுதினேன், வேலை செய்தது. நான்கு நாள் கழித்து ஒரு பதிப்பை மேம்படுத்துவதற்காகக் கம்போஸை இறக்கி ஏற்றியபோது நெட்வொர்க் புதிதாக உருவாகி 172.19 ஆகிவிட்டது. பிரிட்ஜின் பெயரும் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையில் கூட்டம் நிற்கும்போது, 'என்னப்பா, பில் போட முடியல, பாக்கிக் கணக்கெல்லாம் அதுலதானே இருக்கு' என்று நண்பரிடமிருந்து அழைப்பு வந்தது. கம்போஸ் கோப்பிலேயே நெட்வொர்க்குக்கு ஒரு நிலையான முகவரி வரம்பும் பிரிட்ஜுக்கு ஒரு நிலையான பெயரும் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. சில வரிகள்தான். அந்தச் சில வரிகளை எழுத வேண்டும் என்று எனக்கு எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை.

வழிகாட்டிகள் சொன்னதெல்லாம் வேறு. ஃபயர்வாலை அணைத்துவிட்டுப் பாருங்கள், வேலை செய்கிறதா? இதைச் சொல்பவர்கள்மீது எனக்கு இரக்கமே இல்லை. காய்ச்சல் வந்தவருக்கு வெப்பமானியைத் தூக்கி எறியச் சொல்வது வைத்தியமாகாது. அணைத்துப் பார்த்து வேலை செய்தவுடன், அவசரத்தில் இருப்பவர் அதை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார். அடுத்த கூட்டம், டாக்கரின் அமைப்புக் கோப்பில் ஐபிடேபிள்ஸைத் தொடாதே என்று எழுதச் சொல்கிறது. எழுதினால் கண்டெய்னர்கள் வெளியே போவதற்கான முகவரி மாற்றமும் சேர்ந்து நின்றுவிடுகிறது; இணையத்திலிருந்து எதையும் அவற்றால் இறக்க முடியாது. வெளியிலிருந்து வரும் இணைப்புகள் டாக்கரின் இடைநிலை நிரல் வழியாக வருவதால், வந்தவர் யாராக இருந்தாலும் லாக்கில் பிரிட்ஜின் முகவரியே பதிவாகிறது. தாக்கியவரின் முகவரியைப் பார்த்துத் தடுக்கும் எந்தக் கருவிக்கும் அதன்பிறகு பிடிமானம் கிடையாது.

முறையான வழி ஒன்று உண்டு. 2017-இல் 17.06 பதிப்புடன் வந்த டாக்கர்-யூசர் என்ற செயினில் எழுதும் விதிகள் டாக்கரின் சொந்த விதிகளுக்கு முன்பே பார்க்கப்படும். அதையும் செய்தேன். வெளி 8080-ஐக் கண்டெய்னரின் 80-உடன் இணைத்திருந்த ஒரு சேவைக்கு, 8080-ஐத் தடு என்று அங்கே விதி எழுதினேன். எழுதிய விதியின் பாக்கெட் எண்ணிக்கையைப் பார்த்தால் சுழியம். கைபேசியிலிருந்து பக்கத்தைப் புதுப்பிக்கிறேன், பக்கம் திறக்கிறது. எண்ணிக்கை சுழியத்திலேயே நிற்கிறது. இப்படி ஒரு மணி நேரம் போனது. பாக்கெட் அந்தச் செயினை அடையும்போது அதன் போர்ட் ஏற்கெனவே 80 ஆக மாறிவிட்டது என்பதும், முதலில் இருந்த போர்ட்டைப் பிடிக்க, ஒவ்வொரு இணைப்பையும் நினைவில் வைத்திருக்கும் கனெக்‌ஷன் டிராக்கிங்கின் நினைவில் இருக்கும் மூலப் போர்ட்டைக் கேட்க வேண்டும் என்பதும், கையேட்டின் உள்ளே தேடிப் படிக்கிறவருக்கு மட்டுமே தெரியும். தெரியாதவர் விதியை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார். மூடியதாகச் சொல்லி மூடாத இரண்டாவது கதவு அது.

இன்னும் எத்தனையோ இருக்கின்றன. டெபியன் லினக்ஸில், ஐபிடேபிள்ஸுக்கு அடுத்து வந்த என்எஃப்டேபிள்ஸ் என்ற ஃபயர்வால் கருவியின் அமைப்புக் கோப்பு, இருக்கும் எல்லா விதிகளையும் துடைத்தெறி என்ற வரியோடுதான் தொடங்குகிறது. அந்தச் சேவையை மீண்டும் தொடங்கினால் டாக்கர் எழுதிய விதிகளும் சேர்ந்து போய், டாக்கரையும் மறுதொடக்கம் செய்யும்வரை கண்டெய்னர்கள் ஊமையாகக் கிடக்கும். பாதுகாப்பு என்று சொல்லி நெட்வொர்க்கின் பிழைச் செய்திகளைச் சுமக்கும் ஐசிஎம்பி முழுவதையும் தடுத்துவைக்கும் வழக்கமோ அதைவிடக் கொடுமை. ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, வயர்கார்டு என்ற விபிஎன் இணைப்பில் 1420 பைட், பிரிட்ஜில் 1500 பைட் என்று இருக்கும்போது, பெரிய பாக்கெட் போகாது என்ற செய்தியே அனுப்பியவருக்குத் திரும்பி வராமல், பிங் வேலை செய்யும், சிறிய பக்கம் திறக்கும், பெரிய கோப்பு மட்டும் பாதியில் உறைந்து நிற்கும்.

மாற்ற முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 127.0.0.1-க்கு மட்டும் என்று எழுதித் திறந்த போர்ட்டை, அதே சுவிட்சில் இணைந்த அண்டை இயந்திரங்கள் தொட முடிந்த ஓட்டை, 2025-இல் வந்த டாக்கர் 28.0 பதிப்பில் அடைக்கப்பட்டது. மனம் வைத்தால் இயல்பு நிலை மாறும். போர்ட் வரியில் முகவரி சொல்லாவிட்டால் உள்முகவரியில் மட்டும் திற, வெளியுலகத்துக்குத் திறக்க வேண்டுமானால் அதை அவரே எழுதட்டும் என்று மாற்றுவதற்கு இன்னும் எத்தனை தரவுத்தளங்கள் சூறையாடப்பட வேண்டும்?

என் சர்வரில் இருந்த பதினான்கு போர்ட் வரிகளிலும் இப்போது 127.0.0.1 முன்னால் நிற்கிறது. வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே இருக்கும் சேவைகளுக்கு அனுப்பும் ரிவர்ஸ் பிராக்ஸி ஒன்று மட்டுமே வெளியே முகம் காட்டுகிறது. வாடகை நிறுவனத்தின் பக்கத்தில், என் இயந்திரத்துக்கு வெளியே இருக்கும் ஃபயர்வாலையும் இயக்கிவிட்டேன். டாக்கரால் அதைத் தாண்ட முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கைபேசி டேட்டாவிலிருந்து எல்லாப் போர்ட்டுகளையும் ஸ்கேன் செய்துவிட்டுத்தான் எழுகிறேன். நண்பருடைய தரவு முந்தைய நாள் பேக்கப்பிலிருந்து திரும்பியது. அந்தச் சனிக்கிழமையின் விற்பனையை மட்டும் அவரும் அவர் மகளும் பில் நகல்களை வைத்துக்கொண்டு ஞாயிறு முழுவதும் கையால் ஏற்றினார்கள். அந்த வழிகாட்டிக் குறிப்பை எழுதியவருக்கு, 5432:5432 என்ற வரியில் முகவரியைச் சேர்க்கும்படி இரண்டு முறை எழுதியிருக்கிறேன். இன்று காலை போய்ப் பார்த்தேன். அந்த வரி அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் கடவுச்சொல்லும் அப்படியே இருக்கிறது.