"எனக்கு எதுக்குக்கா இந்த டெஸ்ட்?"

கர்ப்பிணியான உறவுக்காரப் பெண்ணுக்குத் துணையாக இன்று மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பரிசோதனைச் சீட்டில் எச்.ஐ.வி. என்று பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "எனக்கு எதுக்குக்கா இந்த டெஸ்ட்? நான் என்ன அந்த மாதிரியா?" கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுப்பதுதான் என்று சமாதானப்படுத்தினேன். ஆனால் 'அந்த மாதிரி' மனதைவிட்டுப் போகவில்லை.

அந்த வார்த்தையோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர் டாக்டர் சுனிதி சாலமன். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர். எய்ட்ஸ் வெளிநாட்டு நோய், நமக்கு வராது என்று பலரும் நம்பிய காலம். இங்கே இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் வேலையைத் தன் மாணவி நிர்மலாவிடம் கொடுத்தார். நிர்மலா, ரிமாண்ட் ஹோமில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்தார். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவர் கணவர். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் என்கிற தெளிநீர் இருந்தது வீட்டு ஃபிரிட்ஜில்! சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, அதாவது அவற்றில் தொற்று இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது அப்படித்தான்.

கண்டுபிடித்தாயிற்று என்று சுனிதி ஒதுங்கிக்கொள்ளவில்லை. நோயாளிகளைத் தொடவே பயந்த நாட்களில், 1993-இல், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காக ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். அங்கே வந்த பெண்களில் பெரும்பாலானோர் இல்லத்தரசிகள், கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். 2000-இல் வெளியான அந்த மையத்தின் ஆய்வும் இதையே சொன்னது. ஒழுக்கமாக இருந்தால் வராது என்று இன்னமும் பேசுகிறோமே, அந்தப் பெண்களிடம் போய் என்ன சொல்வோம்? ஆணுறை போடச் சொல்லிக் கணவரிடம் கேட்க முடியாததுதான் அவர்களுடைய ஆபத்து. பணம், பயம், மாமியார் வீடு எல்லாம் அதற்குள் இருக்கிறது.

ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 1,763 தம்பதிகளை வைத்து ஒன்பது நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில் இந்தச் சென்னை மையமும் ஓர் இடம். மாத்திரையைச் சீக்கிரமே தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் தெரிந்தது. அப்படியென்றால் சிகிச்சையே தடுப்புதான். வெட்கப்பட்டு ஒளிந்துகொள்கிறவருக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

தொற்றோடு வாழ்கிறவர்களுக்கு சுனிதியே வரன் பார்த்தார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அளவையும் பார்த்துத்தான் பொருத்தம். 2015-இல் காலமானார். பத்மஸ்ரீ 2017-இல்தான் வந்தது.

நாளை ரிசல்ட் வாங்கப் போகிறோம். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கும் எடுக்கட்டும்.