கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்

மதுரை வில்லாபுரத்தில் நடந்ததைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள். கட்டும் பணத்துக்குக் கடிதம் கேட்பதே 'ஏமாற்றப் பார்ப்பது' என்றும் சிலர் எழுதியிருந்தீர்கள். இரவு எட்டரை மணிக்கு வாசலில் நின்று ஒரு குடும்பத்தின் கடனைத் தெருவே கேட்கும்படி சொன்ன வசூல் முகவரைவிட, "பாதியைக் கட்டினால் சிபில் சரியாகிவிடும் என்கிறாரே, கட்டிவிட வேண்டியதுதானே?" என்று அந்த வீட்டுக்காரருக்கு அறிவுரை சொன்னவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம் அதிகம்.

சிபில் என்பது நாம் கடன் கட்டிய வரலாற்றைத் தொகுத்து வைக்கும் நிறுவனம். அதன் அறிக்கையில் ஓர் எழுத்தைக்கூட வசூல் முகவரால் மாற்ற முடியாது. கடன் கொடுத்த நிறுவனம் அனுப்பும் தகவல்தான் அங்கே ஏறும். முழுவதும் கட்டிய கடன் 'குளோஸ்டு' என்றும், குறைத்துப் பேசி முடித்த கடன் 'செட்டில்டு' என்றும் பதிவாகும். இரண்டாவதைப் பார்க்கும் அடுத்த வங்கி தயங்கும். ஆகவே எவ்வளவு தொகை, எந்தக் கடன் கணக்கு, எந்தத் தேதிக்குள், அறிக்கையில் என்னவென்று பதிவாகும் என்பதையெல்லாம் நிறுவனத்தின் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். பணத்தை முகவர் கையில் கொடுக்காமல் கடன் கணக்கிலேயே செலுத்துங்கள். கடிதம் இல்லையென்றால் பணமும் இல்லை.

என் தங்கையின் கணவர் சுங்குடிச் சேலை வியாபாரி. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் சித்திரைத் திருவிழா மக்கள் கூட்டமின்றி நடந்தபோது, திருவிழாவை நம்பிக் கடன் வாங்கி எடுத்த சரக்கு விற்காமல் தேங்கியது. "நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே, பேரு சுத்தமாகிவிடும்" என்ற முகவரின் சொல்லை நம்பி, தங்கையின் நகையை விற்றுக் கட்டினார்கள். கடிதம் கேட்டபோது, பிறகு வரும் என்றார்கள், வரவேயில்லை. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோதுதான் அந்த 'செட்டில்டு' என்ற பதிவைக் காட்டி மறுத்தார்கள்.

"வாங்கிய கடனை முழுதாகக் கட்டுவதுதானே நியாயம்?" என்பீர்கள். நியாயம்தான், நான் மறுக்கவில்லை. முடிந்தவர்கள் தவணைக் காலத்தை நீட்டித்தரக் கேட்டு முழுவதையும் கட்டட்டும், அதுவே நல்லது. முடியாதவரிடம் நீதி பேசுகிறவர்கள், கடனாளியைக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, பிறர் முன் அவமானப்படுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னதையும் சேர்த்துப் பேச வேண்டும். முகவரும் பிழைப்புக்காகத்தான் வருகிறார் என்பது உண்மை. அதற்காக அவர் பொய் வாக்குறுதி கொடுக்கலாமா?

ஆண்டுக்கு ஒருமுறை முழு சிபில் அறிக்கையையும் இலவசமாகப் பெறலாம். தவறான பதிவைப் பற்றிப் புகார் செய்து 30 நாட்களுக்குள் தீர்வு வராவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதையெல்லாம் வாசலுக்கு வருகிறவர் எவரும் சொல்வதில்லை.

வசதியிருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர்களோடுகூட வங்கிகள் சமரசம் பேசலாம் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கியே வழிவகுத்தது. அந்தப் பேச்சுகள் அறைக்குள், கோப்புகளோடு, கையெழுத்தோடு நடக்கின்றன. சேலைக் கடைக்காரருக்கு மட்டும் தெருவில், வாய்ச்சொல்லில் நடக்கிறது. நகையை விற்றுக் கட்டிய பணத்துக்கு ஒரு பக்கக் கடிதம் கேட்டதை 'ஏமாற்றப் பார்ப்பது' என்று எழுதியவர்களே, என் தங்கை அதைப் படித்தாள்.