துத்தநாகம் பூசிய கோபுரத்துக்குப் பரிசோதனை வேண்டாமா?

‘துத்தநாகம் பூசிய தொலைத்தொடர்புக் கோபுரம் துருப்பிடிக்காது; பெரும்புயல் அடித்தால்தான் சாயும்’ என்று ஒரு தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு, ஆபத்தான தவறும்கூட.

துத்தநாகம் இரும்புக்காகத் தன்னையே தேய்த்துக்கொள்ளும் பூச்சு. அது தீர்ந்த இடத்தில் துரு தொடங்கும். இழுவைக் கம்பிகளால் நிற்கும் கோபுரத்தில் அந்த இடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. கம்பியைப் பிடித்திருக்கும் நங்கூரத் தண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. வெளியே தெரியும் பகுதி பளபளவென்று இருக்கும். ஓரிரு அடி தோண்டினால் செதில் செதிலாக உரிந்து இளைத்துப்போன தண்டு கிடக்கலாம். அங்கே தோண்டிப் பார்க்காமல் கையெழுத்திட்ட அறிக்கையை நான் ஆய்வு என்றே ஏற்கமாட்டேன்.

தொலைத்தொடர்புக் கோபுரங்களுக்கான அமெரிக்காவின் டிஐஏ-222 தரநிலை, இழுவைக் கம்பிக் கோபுரத்தை 3 ஆண்டுக்கு ஒருமுறையும், தன் காலில் நிற்கும் கோபுரத்தை 5 ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதிக்கப் பரிந்துரைக்கிறது. கடும்புயலுக்குப் பிந்தைய ஆய்வு தனி.

புயல் வந்தால்தான் விழும் என்பதும் சரியல்ல. போலந்தின் கோன்ஸ்டான்டினூவ் அருகே நின்ற 646 மீட்டர் வானொலிக் கோபுரம்தான் அப்போது உலகிலேயே உயரமான கட்டமைப்பு. 1991 ஆகஸ்ட் 8 அன்று, இழுவைக் கம்பிகளை மாற்றும் வேலையில் நேர்ந்த பிழையால் அது முறிந்து விழுந்தது.