கார்டு பெயரைக் கேட்காதீர்கள், முதலில் கேபினெட்டைத் திறங்கள்

"பழைய கம்ப்யூட்டர், கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, குறைந்த பட்ஜெட்டில் எது வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால் போதும், இருபது பேர் இருபது கார்டு சொல்வார்கள். உன் கேபினெட்டுக்குள் என்ன பவர் சப்ளை இருக்கிறது என்று ஒருத்தர்கூடக் கேட்க மாட்டார். என்னுடையது ஐ5-4590, நான்கு கோர் பிராசசர். திரை முழுக்கக் கோடு கோடாக வந்து, ஒருநாள் கார்டு சுத்தமாக நின்றுபோனது. நானும் இதே கேள்வியைக் கேட்டேன், வந்த பதில்களில் கவர்ச்சியானதைப் பிடித்துக்கொண்டேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து தனி ஒயர் வர வேண்டும்: 6 பின் என்றால் 75 வாட், 8 பின் என்றால் 150. ஆபீஸில் கழித்துக்கட்டிய மெஷினை வாங்கி கேமிங்குக்கு மாற்றியவர்களுக்கு (நானும் அந்தக் கோஷ்டிதான்) பெரும்பாலும் இந்த ஒயரே இருக்காது. நான் என்ன செய்தேன்? செகண்ட் ஹேண்டில் ஒரு 8 பின் கார்டு வாங்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் இரண்டு ஒயர்களை ஒரு கன்வெர்ட்டரில் சேர்த்துச் செருகிவிட்டேன். டெஸ்க்டாப் பளிச்சென்று வந்தது. கேமில் கொஞ்சம் கூட்டமான காட்சி வந்தால் போதும், மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும். நான்காவது நாள் கருகல் வாசனை. கழற்றிப் பார்த்தால் கன்வெர்ட்டர் முனை பழுத்த இலை நிறத்தில் இருந்தது. கடைசியில் புது பவர் சப்ளைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மிச்சம் பிடித்தது என்று ஒன்றுமே இல்லை.

ஆகவே தனி ஒயர் இல்லையா, ஸ்லாட் பவரிலேயே ஓடும் கார்டை மட்டும் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 1650 இருக்கிறது, ஆனால் அதிலேயே சில மாடல்களுக்கு 6 பின் வேண்டும், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். 4 ஜிபி மெமரி என்பதால் புது கேம்களில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேல்பரப்புப் படங்களின் தரத்தை) குறைத்துத்தான் ஆக வேண்டும். கையில் இன்னும் கொஞ்சம் இருந்தால் 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. வெறும் 70 வாட். இதே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு. அது வெறும் மெமரி வித்தியாசம் இல்லை, சிப்பில் கோர்களும் அதிகம், 130 வாட் இழுக்கும். ஒரே பெயரில் இரண்டு சரக்கு விற்பது இந்தத் தொழிலின் பழைய வித்தை.

பவர் சப்ளை நன்றாக இருந்தால் என் ஓட்டு ஆர்எக்ஸ் 6600-க்குத்தான். 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின். அதன் தம்பி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலையில் கண்ணடிக்கும், பழைய போர்டு வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். அதற்கு நான்கு லேன்தான், அதாவது மதர்போர்டோடு தரவு போய்வர நான்கே தடங்கள். நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டை நம்பிச் செய்தது, மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் போட்டால் அந்தப் பாதையின் வேகம் பாதியாகிவிடும். 4 ஜிபி மெமரி நிரம்பி, கார்டு ரேமிடம் கை நீட்டும்போது அந்தக் குறுகல் உங்களுக்கே தெரியும், படம் திக்கித் திக்கி வரும். 6600-க்கு எட்டு லேன் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் (பிராசசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே மூச்சில் அணுகும் வசதி) வேண்டும், என்னுடையது போன்ற பழைய போர்டுகளில் பொதுவாக அது கிடையாது, இல்லாவிட்டால் வேகம் படுத்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் என்றாலே "மைனிங் கார்டு, தொடாதே" என்று பயமுறுத்துவார்கள், அதாவது கிரிப்டோ காசு சம்பாதிக்க இரவு பகலாக ஓடிய கார்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ காசின் மைனிங் நின்றதும் அந்தக் கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தது உண்மைதான். எனக்கு அதில் பெரிய பயமில்லை. ஃபேன் தேய்ந்திருக்கும், சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். எனக்குப் பயம் வேறு. பழைய சிப்பில் பயாஸை (கார்டு தன்னை என்ன மாடல் என்று சொல்லிக்கொள்ளும் உள் மென்பொருளை) மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலேயே 2048எஸ்பி என்றொன்று வருகிறது, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட அதைவிடக் கீழான 570. பணம் கொடுக்கும் முன் கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள், அரை மணி நேரம் கேமும் ஓடட்டும். இதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

அப்புறம் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு 2025 அக்டோபரோடு புது கேம்களுக்கான டிரைவர் நின்றுவிட்டது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். பழைய கேம் ஆடுபவர்களுக்கு 1060 இன்னும் தாராளமாகப் போதும். புதிது ஆட ஆசைப்படுபவர்கள் அதில் காசைப் போடாதீர்கள்.

இத்தனைக்கும் முன்னால் ஒன்று. இப்போதிருக்கும் கார்டு உயிரோடு இருந்தால், கேமில் ரெசல்யூஷனை நன்றாகக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஏறவே இல்லையா? அப்போது திணறுவது உங்கள் பிராசசர், எந்தக் கார்டு வாங்கிப் போட்டாலும் அது மாறப்போவதில்லை.

சரி, இதற்குப் பிறகும் "எது வாங்கலாம்" என்று கேட்க வருபவர்கள், பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். மதர்போர்டு மாடலும், கேபினெட்டுக்குள் எத்தனை சென்டிமீட்டர் நீளக் கார்டு நுழையும் என்பதும் வேண்டும். கடைசியாகச் சொன்னதை ஸ்கேல் வைத்தே அளந்துவிடுங்கள், கண்ணால் பார்த்துச் சொன்ன அளவை நம்பி ஹார்ட் டிஸ்க் கூண்டை அறுத்த ஆள் நான்.