மேடையில் கவுன், கீழே இறங்கினால் சிறை

பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் ஜான் கிளீஸ் நடித்த ராணுவ காமெடி என்று ஒரு நண்பர் சொன்னதை நம்பி 'பிரைவேட்ஸ் ஆன் பரேட்' பார்க்க உட்கார்ந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த படம். தலைப்பே குறும்பு. பிரைவேட் என்றால் கடைநிலைச் சிப்பாய். பன்மையில் சொன்னால் அந்தரங்க உறுப்பு.

கதை நாற்பதுகளின் கடைசியில், சிங்கப்பூரிலும் மலாயாவிலும் நடக்கிறது. மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுடன் சண்டை. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டுமே என்று ஓர் ஆடல் பாடல் குழு. அதில் பெரும்பாலோர் ஆண்களை விரும்பும் ஆண்கள். கட்டளையிடும் மேஜருக்கோ (கிளீஸ்தான்) பைபிளும் கம்யூனிச ஒழிப்பும் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

இது வெறும் கற்பனையும் இல்லை. நாடக ஆசிரியர் பீட்டர் நிக்கோல்ஸ் இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிங்கப்பூரில் அப்படியொரு குழுவில் இருந்தவர். பின்னாளில் பிரபல நகைச்சுவை நடிகரான கென்னத் வில்லியம்ஸும் அதே காலத்தில் அங்கே இருந்தார். அந்த அனுபவத்தை வைத்து நிக்கோல்ஸ் 1977-ல் எழுதிய நாடகம்தான் படமானது.

என்னைப் பொறுத்தவரை இது கிளீஸ் படமே இல்லை. டெனிஸ் குவில்லி நடித்த, குழுவில் பெண் வேஷம் கட்டும் கேப்டன் டெர்ரி டென்னிஸின் படம். ஹாலிவுட் நடிகை மார்லின் டீட்ரிச்சாக வேஷம் கட்டி அவர் பாடும் இடத்தை மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். குரலில் கேலி இருக்கிறது, ஆனால் அந்தக் கேலி தன்னைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள் மேல்தான். அப்புறம் அந்தப் பேச்சு! எந்த ஆணையும் பெண் பெயரில்தான் கூப்பிடுவார். நாடக மேதை பெர்னார்ட் ஷா அவர் வாயில் பெர்னடெட் ஷா ஆகிவிடுகிறார். நம்மூரில் ராமசாமியை ராமாயி என்பது மாதிரி.

எனக்கு உறைத்தது வேறு. கவுனும் லிப்ஸ்டிக்கும் போட்டு ஆடச் சொல்லி, கைதட்டி, சம்பளமும் கொடுத்த அதே ராணுவம்தான் மேடைக்கு வெளியே அதே ஆளைக் குற்றவாளி ஆக்கியது. ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய சட்டம் இங்கிலாந்தில் 1967-ல் தளர்ந்தபோதும் படையினருக்கு அந்தத் தளர்வு கிடைக்கவில்லை. படையில் அவர்களுக்கு இருந்த தடை நீங்கியது 2000-ல். அதுவும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மண்டையில் குட்டிய பிறகு.

குறை இல்லாமல் இல்லை. மேஜர் தன் பைத்தியக்காரத்தனத்தை மனதார நம்புகிறவர். அவரை நடிக்கும் கிளீஸோ அடிக்கடி சிரிப்புக்காகக் காத்திருப்பது போலத் தெரிகிறது. ஆனால் இரண்டு சீன வேலையாட்கள் வாயே திறக்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பது அருமை. யாருடைய நாட்டில் யார் கூத்தடிக்கிறார்கள் என்று அவர்கள் நிற்கும் நிலையே கேட்டுவிடுகிறது.

குழுவில் லென், சார்லஸ் என்று ஒரு ஜோடி. லென் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, சார்லஸ் சாது. புருஷன் பெண்டாட்டி மாதிரியே குடித்தனம். காட்டுக்குள் நடக்கும் தாக்குதலில் லென் செத்துப்போகிறார். ராணுவப் பதிவேட்டில் சார்லஸ் அவருக்கு ஒன்றும் உறவில்லை. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான் அங்கே படத்தை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மிச்சத்தைப் பார்த்தேன்.