கியூபிட்டுக்குப் போட்டோக்கொப்பி இல்லை

போன கிழமை பரமேஸ்வராச் சந்திப் பக்கம் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். முன்னால் ஒரு உயர்தரப் பெடியன் நண்பனின் பௌதிகவியல் கொப்பியை முழுதாக அடித்துக்கொண்டிருந்தான். என் கையில் இருந்த தாள்களை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சேர், குவாண்டத்தில ஒரே நேரத்தில 0உம் 1உம் இருக்குமாமே? அப்ப எவ்வளவு டேட்டாவும் போடலாம்தானே?"

அவனில் பிழையில்லை. யூடியூப்பில் எல்லாரும் அந்த வசனத்தோடுதான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் அதை முதல் வரியாகச் சொல்வதையே நிறுத்த வேண்டும். தொடங்க வேண்டிய இடம் அந்தக் கடைதான்.

தகவலை பிட்டுகளில், அதாவது 0 அல்லது 1 என்ற துண்டுகளில், அளக்கலாம் என்று 1948இல் கிளாட் ஷனன் காட்டினார். பிட் மையாக இருக்கலாம், மெமரி கார்டில் மின்னேற்றமாக இருக்கலாம். பார்த்தால் கெடாது, ஆயிரம் படி எடுத்தாலும் மூலம் அப்படியே இருக்கும். படியின் அருமையை எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள். வேறெங்காவது படி இருந்தவற்றைத் திரும்பத் தேடலாம். ஒற்றைப் படியாக இருந்த ஏடுகள் போனது போனதுதான்.

குவாண்டம் உலகத்தின் பிட்டுக்குப் பெயர் கியூபிட். கியூபிட் எல்லாமே அப்படி ஒற்றைப் படிதான். நமக்குத் தெரியாத ஒரு குவாண்டம் நிலையைப் பிசகாமல் படி எடுக்கும் இயந்திரம் இருக்கவே முடியாது என்று 1982இல் வூட்டர்ஸும் சூரெக்கும் நிறுவினார்கள். டீக்ஸ் தனியாக நிறுவினார். நல்ல மெஷின் வந்தால் சரியாகிவிடும் என்ற கதை இங்கே இல்லை.

பெடியனுக்குச் சமன்பாடு சொல்லவில்லை. என் போலரோய்ட் கூலிங்கிளாஸைக் கடைக்காரரின் கணினித் திரைக்கு முன்னால் பிடித்துத் திருப்பினேன். திரையின் ஒளி ஒரே திசையில் அதிர்கிறது, கண்ணாடியும் ஒரு திசையைத்தான் விடும். அதனால் ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போனது. அங்கிருந்து 45 பாகை திருப்பினால் ஏறக்குறைய பாதி வெளிச்சம். ஆனால் போட்டோன் எனும் ஒளித்துகள் பாதியாக உடையாது. ஒவ்வொன்றும் ஒன்றில் கடக்கும், இல்லாவிட்டால் தடைபடும், சரிபாதி வாய்ப்பு. கடந்து வந்தது கண்ணாடியின் திசைக்கு மாறிவிடும். முன்பு எந்தக் கோணத்தில் வந்தாய் என்று இனி அதனிடம் கேட்க முடியாது. அந்தக் கோணம்தான் இங்கே கியூபிட்டின் நிலை. கோணத்தை எத்தனை தசமதானத்துக்கு எழுதி வைத்தாலும், வாசிக்கும்போது கையில் கிடைப்பது ஒரே ஒரு பிட். அதற்கு மேல் எடுக்க வழியில்லை என்பதை ஹொலெவோ 1973இலேயே நிறுவிவிட்டார்.

"அப்ப என்ன லாபம் சேர்?"

லாபமே அந்தக் குறையில்தான் இருக்கிறது. படி எடுக்க முடியாது, தொட்டால் தடயம் விழும் என்றால் ஒட்டுக்கேட்பவன் அகப்படுவான். 1984இல் பெனெட்டும் பிரசாரும் இதை வைத்தே இரகசியச் சாவி பரிமாறும் முறையை அமைத்தார்கள். குவாண்டம் கணினிப் பக்கம் வேறு கதை. அங்கே பிழையான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி ஒழுங்கு செய்ய வேண்டும். அந்த வித்தை எல்லாக் கணக்குக்கும் பலிக்காது.

"தம்பி, ஒரு பக்கம் மங்கலா விழுந்திட்டுது," என்றார் கடைக்காரர்.

பெடியன் என்னைப் பார்த்தான். "கியூபிட் மங்கினால்?"

கெட்டிக்காரன். 1995இல் பீட்டர் ஷோர் ஒரு கியூபிட்டின் நிலையை ஒன்பது கியூபிட்டுகளில் பரப்பி வைக்கும் வழி சொன்னார். உள்ளிருப்பதை வாசிக்காமலே எங்கே பிழை என்று மட்டும் கண்டுபிடித்துத் திருத்தலாம்.

"கொப்பி அடிக்காமலா?"

அடிக்காமல்தான் என்றேன். கடைக்காரர் மங்கிய பக்கத்தைத் திருப்பி அடித்தார்.